முதியவர்களுக்கான வைட்டமின்: சாப்பாட்டில் எவ்வளவு, மாத்திரையில் எவ்வளவு? முழுமையான வழிகாட்டி

அறுபது, எழுபதைத் தாண்டியவர்கள் இருக்கும் வீடுகளில் வைட்டமின் மாத்திரைகள் எப்படியோ சேர்ந்துவிடுகின்றன. ஒன்றை மருத்துவர் எழுதிக் கொடுத்திருப்பார். ஒன்றைப் பிள்ளைகள் வாங்கி வந்திருப்பார்கள். மூட்டுக்கு நல்லது, முடிக்கு நல்லது என்று யாரோ சொன்னதைக் கேட்டு வந்தவை இரண்டு இருக்கும். இவற்றையெல்லாம் ஒன்றாக வைத்து, இவர் ஒரு நாளைக்கு மொத்தம் என்ன எடுத்துக்கொள்கிறார் என்று கணக்குப் பார்ப்பது மட்டும் நடப்பதில்லை. சாப்பாட்டை அந்தக் கணக்கில் யாரும் சேர்ப்பதே இல்லை.

அந்தக் கணக்கைப் போடத்தான் இந்த வழிகாட்டி. புதிதாக எதையும் வாங்குவதற்கு முன்னால் செய்ய வேண்டியவை முதலில் வருகின்றன, வாங்குவது கடைசியில்தான்.

வயதாக ஆகத் தசை குறைகிறது, உழைப்பு குறைகிறது, அதனால் கலோரித் தேவையும் குறைகிறது. வைட்டமின் தேவை அப்படிக் குறைவதில்லை. டி, பி6 இரண்டின் தேவை கொஞ்சம் கூடவே செய்கிறது. முன்பைவிடக் குறைவாகச் சாப்பிட்டு, முன்பு கிடைத்த அதே சத்தை எடுத்தாக வேண்டும். போதாக்குறைக்கு வயிற்று அமிலம் பலருக்குக் குறைகிறது, தோல் வைட்டமின் டி தயாரிப்பது குறைகிறது, தினசரி மருந்துகள் கூடுகின்றன. ஒரே ஆளுக்கு ஒரு வைட்டமின் பற்றாமலும் இன்னொன்று அளவுக்கு மீறியும் இருக்க இதெல்லாம் இடம் கொடுக்கிறது.

இங்கே வரும் தினத் தேவை அளவுகள் பெரும்பாலும் அமெரிக்க தேசிய அகாடமிகள் வகுத்தவை. நாட்டுக்கு நாடு கொஞ்சம் மாறும். பி12 அமெரிக்கக் கணக்கில் 2.4 மைக்ரோகிராம், பிரிட்டனில் 1.5, ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் கணக்கில் 4. வேறுபாட்டைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், இவை எல்லாமே திசைகாட்டும் எண்கள்.

படி 1: ஒரு வாரச் சாப்பாட்டை எழுதுங்கள்

தட்டில் வைத்ததை எழுதாதீர்கள், வயிற்றுக்குள் போனதை எழுதுங்கள். இரண்டுக்கும் நடுவில் பெரிய இடைவெளி இருக்கும். பல் ஆடுகிறது என்பதால் பழமும் பச்சைக் காய்கறியும் ஒதுங்கியிருக்கும். வாசனையும் ருசியும் மங்கியதால் இறைச்சி, முட்டை, பருப்பு எல்லாம் "பிடிக்கவில்லை" என்று திரும்பி வந்திருக்கும். தனியாக இருப்பவர் ஒருவருக்காக எதற்குச் சமைப்பது என்று ரொட்டியும் டீயுமாக இரவை முடித்திருப்பார்.

எழுதியதை வைத்து ஐந்து கேள்விகள் கேளுங்கள். பால், முட்டை, மீன், இறைச்சி இவற்றில் ஏதாவது தினமும் உள்ளே போனதா? பச்சைக் கீரை வாரத்தில் எத்தனை நாள்? சமைக்காத பழம் எத்தனை நாள்? பருப்பு, பயறு, கொட்டை வகைகள் உண்டா? ஒரு வேளைச் சாப்பாடு முழுவதுமாக விட்டுப்போன நாள்கள் எத்தனை?

கூடவே எடையையும் குறித்து வையுங்கள். முயற்சி செய்யாமலே ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் எடை 5 சதவீதம் குறைந்திருந்தால், அதாவது 60 கிலோ இருந்தவர் 57 ஆகியிருந்தால், வைட்டமின் கணக்கை நிறுத்திவிட்டு முதலில் மருத்துவரைப் பாருங்கள். அங்கே பிரச்சினை வேறு எங்கோ இருக்கலாம்.

படி 2: எல்லா டப்பாக்களையும் மேசைமேல் எடுத்து வையுங்கள்

மாத்திரை, கேப்ஸ்யூல், பவுடர், டானிக், பாலில் கலக்கும் சத்துமாவு என்று எதையும் விடாதீர்கள். ஒவ்வொன்றின் லேபிளையும் படித்து ஒரே தாளில் எழுதுங்கள்.

லேபிளில் மூன்று இடத்தில் கண் தவறும். முதலாவது, அளவு "ஒரு வேளைக்கு" என்று போட்டிருக்கும். அந்த ஒரு வேளை என்பது இரண்டு மாத்திரையாக இருக்கலாம். இரண்டாவது, மில்லிகிராமும் மைக்ரோகிராமும். ஒரு மில்லிகிராம் என்பது ஆயிரம் மைக்ரோகிராம். மூன்றாவது, வைட்டமின் டி சில டப்பாக்களில் மைக்ரோகிராமிலும் சிலவற்றில் சர்வதேச யூனிட்டிலும் இருக்கும். ஒரு மைக்ரோகிராம் டி என்பது 40 யூனிட், ஆகவே 20 மைக்ரோகிராம் என்றால் 800 யூனிட்.

ஒரு கணக்கைப் போட்டே பார்ப்போம். ஒருவர் எடுக்கும் மல்டிவைட்டமினில் டி 1,000 யூனிட். கால்சியம் மாத்திரையில் 500 யூனிட், அதை இரண்டு வேளை எடுக்கிறார், அது ஒரு 1,000. அப்புறம் குறைபாட்டைச் சரிசெய்ய எட்டு வாரத்துக்கு என்று மருத்துவர் எழுதிய, வாரம் ஒருமுறை எடுக்கும் 60,000 யூனிட் கேப்ஸ்யூல். எட்டு வாரம் முடிந்தும் அதை யாரும் நிறுத்தவில்லை. ஏழு நாளுக்குப் பிரித்தால் அது தினம் சுமார் 8,570. மொத்தம் நாளுக்கு 10,500 யூனிட்டுக்கு மேல். மருத்துவர் கண்காணிப்பு இல்லாமல் தாண்டக்கூடாத உச்ச வரம்பு 4,000. இவர் எந்த வேளையிலும் எழுதிக் கொடுத்த அளவைக் கூட்டி எடுக்கவில்லை. வார கேப்ஸ்யூலை யாரும் நிறுத்தவில்லை, மூன்றையும் யாரும் கூட்டிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

இதைவிட மோசமான ஒன்றும் நடக்கிறது: வாரத்துக்கு ஒன்று என்று எழுதியதைத் தினம் ஒன்றாக எடுப்பது. டி அளவு மீறினால் இரத்தத்தில் கால்சியம் ஏறும். தாகம், அடிக்கடி சிறுநீர், மலச்சிக்கல், குமட்டல், சோர்வு, மனக்குழப்பம் என்று அது வெளிப்படும். முதியவர்களுக்கு இதெல்லாம் வந்தால் "வயசாயிடுச்சு" என்று எல்லாரும் கடந்து போய்விடுவதால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். வார மாத்திரையை மற்ற மாத்திரைகளோடு வைக்காதீர்கள். தனி டப்பாவில் போட்டு, எந்தக் கிழமை என்று மேலேயே எழுதி ஒட்டுங்கள்.

படி 3: மற்ற மருந்துகளோடு பொருத்திப் பாருங்கள்

சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் நீண்ட காலம் எடுத்தால் பி12 குறையலாம். ஒமிப்ரசோல், பான்டோப்ரசோல் போன்ற அமிலக் குறைப்பு மாத்திரைகளை ஆண்டுக்கணக்கில் எடுப்பவர்களுக்கும் அப்படித்தான். இரண்டையும் சேர்த்து எடுப்பவர்கள் ஏராளம். உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், வேறு எதைச் செய்யாவிட்டாலும் பி12 பரிசோதனை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

இதய நோய்க்கும் உடல் வீக்கத்துக்கும் தரும் ஃபுரோசமைடு போன்ற நீரிறக்கி மருந்துகள் சிறுநீர் வழியே தயமினை, அதாவது பி1-ஐ, கூடுதலாக வெளியேற்றும். ஃபெனிடோயின் போன்ற வலிப்பு மருந்துகள் வைட்டமின் டி சீக்கிரம் சிதைய வழி செய்யும்.

இரத்தம் உறையாமலிருக்கத் தரும் வார்ஃபரின் எடுப்பவர்களின் கதை தனி. வைட்டமின் கே இரத்தம் உறைய உதவுகிறது, வார்ஃபரின் அதற்கு எதிராக வேலை செய்கிறது. இதனால் கீரையையே தொடக்கூடாது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. வாரா வாரம் ஏறக்குறைய ஒரே அளவு கீரை சாப்பிட்டால் மருந்தின் அளவை அதற்கேற்ப மருத்துவர் அமைத்துவிடுவார். திடீரென்று நிறையச் சாப்பிடுவதும் திடீரென்று நிறுத்துவதும்தான் சிக்கல். அபிக்ஸபான், ரிவராக்ஸபான் போன்ற புதிய மருந்துகளுக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது.

நேர இடைவெளியும் முக்கியம். தைராய்டுக்கான லெவோதைராக்ஸினுக்கும் கால்சியம் அல்லது இரும்பு உள்ள மாத்திரைக்கும் நடுவே 4 மணி நேரம் விடுங்கள். இல்லாவிட்டால் தைராய்டு மருந்து சரியாக உள்ளே போகாது.

படி 4: பி12-ஐ முதலில் கவனியுங்கள்

முதியவர்களின் வைட்டமின்களில் எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான். காரணம், நன்றாகச் சாப்பிடுபவருக்கும் குறையலாம், குறைவது வெளியே தெரியாமல் ஆண்டுகள் ஓடலாம், நரம்பில் ஏற்படும் பாதிப்பு சில சமயம் திரும்பாமலே போகலாம்.

உணவில் பி12 புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அதைப் பிரிக்க வயிற்று அமிலம் வேண்டும். பிரிந்ததும் வயிறு சுரக்கும் இன்ட்ரின்சிக் ஃபேக்டர் என்ற புரதம் அதைப் பிடித்துக்கொண்டு சிறுகுடலின் கடைசிப் பகுதிவரை கொண்டுபோக வேண்டும். வயதில் வயிற்றின் உட்சுவர் மெலிந்து அமிலம் குறையும்போது முதல் படியே தடைப்படுகிறது. ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களில் 10 முதல் 30 சதவீதம் பேருக்கு உணவிலுள்ள பி12 சரியாகச் சேராமல் போகலாம் என்பது மதிப்பீடு. ஆனால் மாத்திரையிலும் செறிவூட்டிய உணவிலும் இருக்கும் பி12 எதோடும் ஒட்டியிருப்பதில்லை, அதைப் பிரிக்க அமிலம் தேவையில்லை. ஐம்பதைக் கடந்தவர்கள் பி12-ஐப் பெரும்பாலும் இந்த வழியில் எடுப்பது நல்லது என்று அமெரிக்க அகாடமிகள் சொல்வதற்கு இதுதான் காரணம்.

இன்ட்ரின்சிக் ஃபேக்டரே சுரக்காதவர்களும் உண்டு. அவர்களுக்கு ஊசி கொடுப்பது வழக்கம். தினம் 1,000 மைக்ரோகிராம் மாத்திரையும் பலருக்கு வேலை செய்யும், ஏனென்றால் பெரிய அளவாக விழுங்கினால் சுமார் 1 சதவீதம் எந்த உதவியும் இல்லாமலே குடலைத் தாண்டி இரத்தத்துக்குப் போகிறது. அது 10 மைக்ரோகிராம், தினத் தேவையைவிட அதிகம். ஆனால் நரம்பு அறிகுறிகள் தொடங்கிவிட்டால் ஊசியா மாத்திரையா என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

கவனிக்க வேண்டியவை: பாதத்திலும் விரல் நுனியிலும் மதமதப்பு, நடக்கும்போது தள்ளாட்டம், நாக்கு சிவந்து எரிச்சல், சோர்வு, மறதி. மறதி என்றதும் மனம் வேறு நோய்களுக்குப் போய்விடுகிறது. இந்த எளிய பரிசோதனை நினைவுக்கு வருவதில்லை.

தாவர உணவில் நம்பத்தக்க பி12 இல்லை. பால், முட்டை, மீன், இறைச்சி, ஈரல் இவற்றில்தான் இருக்கிறது. ஒரு கோப்பைப் பாலில் 1.2 மைக்ரோகிராம், ஒரு முட்டையில் அரை மைக்ரோகிராம் அளவுக்குக் கிடைக்கும். பாலும் குடிக்காத சைவர்களுக்கு மாத்திரையோ செறிவூட்டிய உணவோ கட்டாயம்.

இன்னொரு எச்சரிக்கை. ஃபோலிக் அமிலம் (பி9 வைட்டமினின் மாத்திரை வடிவம்) அதிகமாக எடுத்தால் பி12 குறைவால் வரும் இரத்தசோகை சரியாகிவிடும், ஆனால் நரம்புச் சேதம் உள்ளே தொடரும். மாத்திரை வழி ஃபோலிக் அமிலத்துக்கு நாளுக்கு 1,000 மைக்ரோகிராம் என்று வரம்பு வைத்ததற்கு இதுவே காரணம். இரத்தசோகைக்கு என்று ஃபோலிக் அமிலத்தை மட்டும் தானாக வாங்கிப் போடாதீர்கள்.

படி 5: வைட்டமின் டி, அளவோடு

51 முதல் 70 வயதுவரை தினம் 600 யூனிட், அதற்கு மேல் 800. உணவில் இது எளிதில் கிடைப்பதில்லை. கொழுப்பு மிகுந்த மீன்களில் நன்றாக இருக்கிறது. முட்டை மஞ்சள்கரு ஒன்றில் சுமார் 40 யூனிட். மற்றபடி செறிவூட்டிய பால் போன்றவைதான். வெயிலில் தோல் தயாரிக்கும், ஆனால் எழுபது வயதுத் தோல் இளம் தோல் தயாரிப்பதில் பாதியைக்கூட எட்டாது. கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து வெயில் காய்வது கணக்கில் வராது. தேவையான புற ஊதாக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும்.

வீட்டைவிட்டு வெளியே வராதவர்கள், உடல் முழுவதும் மூடிய உடை அணிபவர்கள், கருமையான தோல் உள்ளவர்கள், எலும்பு மெலிவு உள்ளவர்கள் மாத்திரை எடுப்பதில் நியாயம் இருக்கிறது. 75 வயதுக்கு மேற்பட்டவர்கள் பொதுவாகவே எடுக்கலாம் என்று ஹார்மோன் மருத்துவர்களின் அமைப்பான அமெரிக்க எண்டோகிரைன் சங்கத்தின் 2024 வழிகாட்டுதல் சொல்கிறது.

ஆனால் அதிகம் எடுத்தால் எலும்பு அதிகம் உறுதியாகும் என்று எண்ணக்கூடாது. 2010-ல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்றில், 70 வயதைக் கடந்த பெண்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை 5 லட்சம் யூனிட் கொடுத்தார்கள். விழுவதும் எலும்பு முறிவும் அவர்களுக்குக் கூடின. வைட்டல் என்ற பெரிய அமெரிக்க ஆய்வில் 25,871 பேர் கலந்துகொண்டார்கள். குறைபாடு உள்ளவர்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்கப்படாத இவர்களில், தினம் 2,000 யூனிட் எடுத்தவர்களுக்கு எலும்பு முறிவு குறையவில்லை. குறைபாடு இருந்தால் நிரப்புங்கள், நிரம்பிய பின் நிறுத்தாமல் சிறிய தினசரி அளவில் தொடருங்கள். அதுவே போதும்.

கால்சியத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 50 தாண்டிய பெண்களுக்கும் 70 தாண்டிய ஆண்களுக்கும் 1,200 மில்லிகிராம் தேவை என்பது சாப்பாட்டையும் சேர்த்து. தட்டில் 800 கிடைத்தால் மாத்திரையில் 400 போதும். ஒரே வேளையில் 500-க்கு மேல் எடுத்தால் உடலில் சேரும் விகிதம் குறையும். கால்சியம் கார்பனேட் என்றால் சாப்பாட்டோடு எடுக்க வேண்டும். சிட்ரேட்டை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம்.

படி 6: மற்றதைத் தட்டிலேயே சரிசெய்யுங்கள்

சி, ஃபோலேட் (உணவில் இருக்கும் பி9), ஏ, கே, ஈ எல்லாமே ஓரளவு ஒழுங்கான சாப்பாட்டில் கிடைத்துவிடும். வைட்டமின் சி ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 75 மில்லிகிராம். ஒரு ஆரஞ்சு ஏறக்குறைய 70 தந்துவிடும். புகைப்பவர்களுக்கு இன்னும் 35 கூடுதலாகத் தேவை. வேகவைத்த பாலக் கீரை அரைக் கோப்பையில் வைட்டமின் கே 400 மைக்ரோகிராமுக்கு மேல். தேவை 90 முதல் 120தான்.

முதியவர்களுக்காகச் சமைக்கும்போது மெல்ல எளிதாக இருக்க வேண்டுமே என்று காய்கறியை நிறையத் தண்ணீரில் குழைய வேகவைத்து, தண்ணீரை வடித்துக் கொட்டிவிடுகிறோம். சி, ஃபோலேட், பி1 எல்லாம் அந்தத் தண்ணீரோடு போய்விடுகின்றன. ஆவியில் வேகவையுங்கள், அல்லது குறைந்த தண்ணீரில் மூடிவைத்து வேகவைத்து, அந்தத் தண்ணீரோடு சேர்த்து மசித்துக் கொடுங்கள். மசித்த கேரட்டிலும் கீரையிலும் ஒரு ஸ்பூன் எண்ணெய் சேர்க்கத் தயங்காதீர்கள். ஏ, ஈ, கே மூன்றும் கொழுப்பில்தான் கரையும். எண்ணெயே இல்லாமல் சமைத்தால் அவற்றில் பெரும்பகுதி வீணாகும்.

கடிக்க முடியாதவருக்குப் பழுத்த பப்பாளி, வாழைப்பழம், உரித்து விதை நீக்கிய ஆரஞ்சுச் சுளை. கொஞ்சமாகச் சாப்பிடுபவருக்கு மூன்று பெரிய வேளைக்குப் பதிலாக ஐந்து சிறிய வேளை. கஞ்சியிலோ சூப்பிலோ ஒரு முட்டையை உடைத்துக் கலக்கினால் அளவு கூடாமலே சத்து கூடும்.

படி 7: இவற்றைத் தானாக வாங்கிப் போடாதீர்கள்

பீட்டா கரோட்டின் (உடலில் வைட்டமின் ஏ ஆக மாறும் சத்து) மாத்திரை: புகைப்பவர்களும் முன்பு புகைத்தவர்களும் தொடவே கூடாது. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடந்து 1994-ல் வெளியான ஆய்வில், தினம் 20 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகமாக வந்தது. கேரட் சாப்பிடுவதில் இந்த ஆபத்து இல்லை.

வைட்டமின் ஈ: தினம் 400 யூனிட் எடுத்த ஆண்களுக்கு புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடியதாக 2011-ல் தெரியவந்தது. இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களுக்கு இரத்தக்கசிவு ஆபத்தும் உண்டு.

ரெட்டினால் வடிவ வைட்டமின் ஏ: உச்ச வரம்பு 3,000 மைக்ரோகிராம், அதிகமானால் கல்லீரலுக்கும் எலும்புக்கும் கேடு. 85 கிராம் மாட்டு ஈரலிலேயே 6,500 மைக்ரோகிராம் இருக்கிறது. எப்போதாவது சாப்பிட்டால் பரவாயில்லை. வாராவாரம் ஈரலும், தினம் மீன் ஈரல் எண்ணெயும், மல்டிவைட்டமினும் என்றால் கூட்டிப் பார்த்தே ஆக வேண்டும்.

பி6: தேவை 1.5 முதல் 1.7 மில்லிகிராம். நரம்புக்கு என்று விற்கும் சில மாத்திரைகளில் 100 மில்லிகிராம்கூட இருக்கும். நீண்ட நாள் அதிகமாக எடுத்தால் கைகால் மதமதப்பு வரும். மதமதப்புக்காக எடுக்கும் மாத்திரையே மதமதப்பைத் தரக்கூடும் என்பதால் இதைப் பலர் சந்தேகிப்பதே இல்லை. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-ல் இதன் உச்ச வரம்பை 12 மில்லிகிராமாகக் குறைத்துவிட்டது.

கண்ணுக்கான மாத்திரைகள்: விழித்திரை மையச் சிதைவு நடுத்தர நிலையில் இருப்பவர்களுக்கு, ஏரெட்ஸ்2 என்ற வைட்டமின், தாதுக் கலவை நோய் முற்றும் வேகத்தைக் குறைக்கிறது. நோய் இல்லாதவருக்கு அது வராமல் தடுக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. கண் மருத்துவர் சொன்னால் மட்டும் எடுங்கள்.

படி 8: பரிசோதனை முதலில், மாத்திரை பிறகு

பி12 மாத்திரையோ ஊசியோ தொடங்கிய பின் இரத்தம் எடுத்தால் அளவு சரியாக இருப்பதுபோல் காட்டும், உண்மை நிலை தெரியாது. ஆகவே முதலில் பரிசோதனை. பி12 பொதுவாக ஒரு மில்லிலிட்டருக்கு 200 பிகோகிராமுக்குக் கீழ் என்றால் குறைவு. 200 முதல் 300 வரை என்றால் இரண்டுங்கெட்டான் நிலை; அறிகுறி இருந்தால் மீத்தைல்மலோனிக் அமிலப் பரிசோதனை தெளிவு தரும். வைட்டமின் டி பரிசோதனை எல்லாருக்கும் தேவையில்லை. செய்தால் ஒரு மில்லிலிட்டருக்கு 20 நானோகிராம் பெரும்பாலானவர்களுக்குப் போதுமானது.

முடி, நகத்துக்கு என்று பயோட்டின் என்ற பி வகை வைட்டமின் எடுப்பவர்கள் அதை ஆய்வகத்தில் சொல்லியே தீர வேண்டும். அதிக அளவு பயோட்டின் தைராய்டு முடிவுகளைப் புரட்டிக் காட்டும். மாரடைப்பைக் கண்டறியும் ட்ரோபோனின் பரிசோதனையில் அளவைக் குறைத்துக் காட்டும். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2017-லேயே இதைப் பற்றி எச்சரித்தது. அவசர சிகிச்சைக்குப் போகும்போதும் இதை முதலில் சொல்லுங்கள்.

படி 9: மல்டிவைட்டமின் வேண்டுமா?

ஐம்பது தாண்டிய 14,641 ஆண் மருத்துவர்களைப் பத்தாண்டுக்கு மேல் தொடர்ந்த அமெரிக்க ஆய்வில், மல்டிவைட்டமின் எடுத்தவர்களுக்குப் புற்றுநோய் மொத்தத்தில் 8 சதவீதம் குறைந்தது. மாரடைப்பும் பக்கவாதமும் குறையவில்லை. காஸ்மோஸ் என்ற பிந்தைய ஆய்வில் நினைவாற்றலில் சிறு நன்மை தெரிந்தது. அமெரிக்க நோய்த் தடுப்புப் பணிக்குழு 2022-ல், புற்றுநோயையும் இதய நோயையும் தடுக்க இதைப் பரிந்துரைக்கப் போதிய ஆதாரம் இல்லை என்றது.

என் கருத்து இது: நன்றாகச் சாப்பிடுபவருக்கு வேண்டாம். படி 1-ல் எழுதிய தாளில் ஓட்டை ஓட்டையாக இருந்து, உணவை உடனே மாற்ற முடியாத நிலையில் இருப்பவர் தினம் ஒன்று எடுக்கலாம். ஒவ்வொரு வைட்டமினும் தினத் தேவையின் 100 சதவீதத்தை ஒட்டி இருக்கட்டும். 1,000 சதவீதம், 5,000 சதவீதம் என்று போட்டிருப்பது வேண்டாம். இரும்புக் குறைபாடு உறுதியாகாதவரை இரும்பு இல்லாததை வாங்குங்கள். விழுங்கச் சிரமம் இருந்தால் சிறிய மாத்திரையோ திரவமோ கேளுங்கள். எல்லா மாத்திரையையும் உடைத்துப் பொடியாக்கக்கூடாது. கொழுப்புள்ள சாப்பாட்டோடு எடுத்தால் டி நன்றாகச் சேரும், வயிற்றுப் புரட்டலும் குறையும்.

படி 10: மறுபடி பார்க்க வேண்டிய நேரங்கள்

புது மருந்து ஒன்று சேரும்போதும், மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியதும், பசி குறைந்ததும் அந்தத் தாளை எடுத்துப் புதுப்பியுங்கள். மருத்துவரிடம் போகும்போது அதைக் கையில் கொண்டுபோங்கள், கேட்காவிட்டாலும் நீட்டுங்கள். டி குறைபாட்டுக்கு மாத்திரை தொடங்கினால் மூன்று மாதம் கழித்துப் பார்த்தால்தான் அளவு நிலைத்திருக்கும். பி12 தொடங்கினால் இரத்தசோகை சில வாரங்களில் தேறும், நரம்பு தேற மாதக்கணக்காகும். பாதி வழியில் பலனில்லை என்று விட்டுவிடாதீர்கள். இன்ட்ரின்சிக் ஃபேக்டர் சுரக்காததால் பி12 எடுப்பவர்கள், இரத்தப் பரிசோதனையில் அளவு சரியாக வந்தாலும் நிறுத்தக்கூடாது. அவர்களுக்கு அது வாழ்நாள் முழுவதும் தேவை.